எந்தச் சோறு பதம்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பழமொழி உண்மையாவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. பானைக்குள் இருப்பது ஒரே அரிசியாக இருக்க வேண்டும். எல்லாம் ஒரே உலையில், ஒரே தீயில் வெந்திருக்க வேண்டும். எடுத்து நசுக்கிப் பார்க்கும் விரல் பதம் அறிந்த விரலாக இருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. சமைப்பவர் பருக்கையைத் தேர்ந்தெடுப்பதில்லை. அகப்பையில் எது வருகிறதோ அதுதான் சாட்சி.

கலை நல்கைகளுக்கு விண்ணப்பிப்பவர்களிடம் ‘படைப்பு மாதிரி’ கேட்கப்படும்போது இந்த நிபந்தனைகள் அனைத்தும் தலைகீழாகிவிடுகின்றன. பல ஆண்டுகளாக வெவ்வேறு அடுப்புகளில் வெந்தவற்றிலிருந்து ஒரு பருக்கையை நாமே பொறுக்கி, முகம் தெரியாத ஒருவரின் விரல்களுக்கு அனுப்பி வைக்க வேண்டியிருக்கிறது. பானை பேசக்கூடாது. பருக்கை மட்டுமே பேச வேண்டும். கடந்த ஆண்டு எழுத்தாளர்களுக்கான உறைவிட நல்கை ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது ஏறத்தாழ இரண்டு மாத காலம் இந்தச் சிந்தனையில் கழிந்தது. அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது 46. அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். வாரத்திற்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு. விடைத்தாள் திருத்தம், மதிப்பீட்டுக் குழுவினருக்கான கோப்புகள், துறைக் கூட்டங்கள் ஆகியவை தனி. இதற்கிடையில் இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்துள்ளன. எங்கள் பகுதியின் ஏரிப் பாசன ஊர்களில் மதகு திறந்து வயல்களுக்கு நீர் பங்கிட்டு வந்த நீர்க்கட்டிகளின் மூன்று தலைமுறை வாழ்க்கையை நாவலாக எழுதத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கோடை விடுமுறையில் அறுபது பக்கம் எழுதுவேன். ஜூனில் கல்லூரி திறந்ததும் அதன் குரல் என் காதிலிருந்து போய்விடும். அடுத்த கோடையில் அந்தக் குரலை மீண்டும் தேடிப் பிடிப்பதற்கே பதினைந்து நாட்கள் ஆகும். மூன்று மாதங்கள் தொடர்ச்சியாகக் கிடைத்தால் இந்த நாவல் முடியும். ஊதியமில்லா விடுப்பு எடுக்க வேண்டுமென்றால் வீட்டுக் கடன் தவணைக்கு ஒரு வழி வேண்டும். அந்த நல்கை இரண்டையும் தருவதாக இருந்தது.

அவர்கள் கேட்டவை மூன்று: ஒரு பக்கத்தில் திட்டக் குறிப்பு, பத்துப் பக்கத்திற்கு மிகாத படைப்பு மாதிரி, மாதிரி இந்திய மொழியில் இருப்பின் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. படைப்பு மாதிரியின் எந்தப் பக்கத்திலும் எழுதியவர் பெயர் இருத்தலாகாது.

நல்கைகளின் உலகம் ஒரே மாதிரியானதன்று. மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் வழங்கும் நல்கைகளையே எடுத்துக்கொள்ளலாம். நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான மூத்த நல்கை விதிமுறைப்படி மாதம் 20,000 ரூபாய். 25 முதல் 40 வயது வரையினருக்கான இளைய நல்கை மாதம் 10,000 ரூபாய். இரண்டும் ஈராண்டுகளுக்கு உரியவை. 1979இல் நிறுவப்பட்ட, புதுதில்லியிலுள்ள பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் இவற்றை நடத்துகிறது. ஆனால் இவை ஆய்வுத் தன்மையுள்ள திட்டங்களுக்கானவை. புனைகதை எழுதவோ தன்வரலாறு எழுதவோ அங்கே இடமில்லை. அதே அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளங்கலைஞர்களுக்கு வழங்கும் உதவித்தொகைக்கு, விண்ணப்பித்தவர் வல்லுநர் குழுவின் முன் நேரில் வந்து பாடியோ ஆடியோ காட்ட வேண்டும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1995 முதல் நல்கை வழங்கிவரும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், எந்த இந்திய மொழியிலும் திட்டத்தை எழுதி அனுப்பலாம் என்கிறது. இப்படி ஒவ்வொரு வாயிலுக்கும் ஒவ்வொரு வழக்கம். எனினும் எல்லா வாயில்களிலும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான். உன்னை எதைக்கொண்டு நாங்கள் அறிவது?

இந்தக் கேள்வி தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 121ஆம் பாடலில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் சொல்வது இதைத்தான். கொடுப்பது எளிது, வந்தவரின் தகுதியை அறிவதே அரிது, ஆகவே புலவர் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்ப்பதை விட்டுவிடு என்கிறார் அவர். 208ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். மலை பல கடந்து காண வந்த தம்மைக் காணாமலேயே அதியமான் நெடுமான் அஞ்சி பரிசிலைக் கொடுத்தனுப்ப, அவர் அதை ஏற்க மறுக்கிறார். தாம் பாட்டை விலைபேசும் வணிகன் அல்லர் என்றும், கண்டு, தகுதி அறிந்து தருவதானால் அது தினையளவே ஆயினும் தமக்கு இனியது என்றும் சொல்கிறார். இந்தப் பாடலை இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். பெயரை அழித்துவிட்டுப் பத்துப் பக்கங்களை அனுப்ப உட்கார்ந்தபோதுதான் அதன் கூர்மை என்னைத் தைத்தது. பெருஞ்சித்திரனார் வெறுத்த ‘காணாமை’யை நாம் இன்று நடுவுநிலைமை என்று போற்றுகிறோம். அதற்கு நியாயமும் இருக்கிறது. முகத்தையும் ஊரையும் சாதியையும் பரிந்துரைத்தவர் பெயரையும் பார்த்துத் தரப்படும் பரிசிலைக் காட்டிலும், எதையும் பாராமல் எழுத்தை மட்டும் பார்த்துத் தரப்படுவது மேல். ஆனால் அப்போது காணப்பட வேண்டிய ‘தான்’ முழுவதும் அந்தப் பத்துப் பக்கங்களுக்குள் இருந்தாக வேண்டும். வாயிலில் நின்று வாதாட எழுத்தாளன் அங்கே இருக்கமாட்டான்.

இரண்டு தொகுப்புகளிலும் சேர்த்து 31 கதைகள். அவற்றை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு முதலில் கைவைத்தது, வாசகர்கள் இன்றும் நினைவுகூரும் ஒரு கதையில். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதியது. நல்ல கதைதான். ஆனால் அதை எழுதியவனுக்கும் நாவலை எழுதிக்கொண்டிருப்பவனுக்கும் இடையில் பதினைந்து ஆண்டுகள் கிடக்கின்றன. அவன் வாக்கியங்கள் நீளமானவை, உவமைகளை நம்புபவை. இப்போது நான் எழுதுவது அப்படி இல்லை. அந்தக் கதையை அனுப்புவது, இளமைக்காலப் புகைப்படத்தை வைத்துப் பெண் பார்ப்பதைப் போன்றது. வேறு அடுப்பில் வெந்த பருக்கை அது.

அடுத்து, மொழிபெயர்ப்பில் நன்றாக ‘வரக்கூடிய’ கதை ஒன்று. நகரத்தில் நடப்பது, உரையாடல் குறைவு, முடிவில் ஒரு திருப்பம். ஆங்கிலத்தில் ஓர் இடறலும் இல்லாமல் போய்ச் சேரும். எனக்கு அச்சம் தந்ததும் அதுவே. இப்படித் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் நாளடைவில் இப்படியே எழுதவும் தொடங்கிவிடுவோம். உறவுப் பெயர் வரும் இடத்தில் பேனா தயங்கும். வட்டார வழக்கு வரும் இடத்தில் பொதுவழக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் எளிதாக உருளும்படி முன்கூட்டியே மழிக்கப்பட்ட தமிழ் ஒன்று பிறக்கும். நல்கை கிடைக்காமல் போவதைவிட அது பெரிய இழப்பு.

மூன்றாவது கதை, நாவலின் விதை எனத்தக்கது. ஒரு நீர்க்கட்டியின் மகன் படித்து, கிராம நிர்வாக அலுவலராகிச் சொந்த வட்டத்திற்கே வருகிறான். பட்டா விவகாரமாக ஊர்ப் பெரியவர் வீட்டுக்குப் போகிறான். அவன் தந்தையை ‘வாடா’ என்று மட்டுமே அழைத்துப் பழகிய நாக்கு அந்தப் பெரியவருடையது. அதே திண்ணையில் தாசில்தாரை ‘வாங்க’ என்று எழுந்து நின்று வரவேற்றதும் அந்த நாக்கே. இப்போது மகன் படியேறி வருகிறான். ‘வாடா’ என்று சொல்ல முடியாது. ‘வாங்க’ என்று சொல்ல மனம் இடம் தராது. பெரியவர் ஒரு கணம் தயங்கி, “வந்தாச்சா?” என்கிறார். கதை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. எழுவாயை விழுங்கி, மரியாதையையும் அவமரியாதையையும் ஒருசேரத் தவிர்த்துவிடும் இந்த வினை வடிவத்தை நம் வீடுகளில் எல்லோரும் அறிவர். மருமகனை எப்படி விளிப்பது என்று தெரியாத மாமனார் “சாப்பிட்டாச்சா?” என்பார். ஆங்கிலத்தில் இதற்கு என்ன செய்வது? அங்கே நாய்க்கும் நீதிபதிக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான்.

மொழிபெயர்த்துத் தர இசைந்தவர் எங்கள் கல்லூரி ஆங்கிலத் துறையில் பணியாற்றும் பேராசிரியர். கதையைப் படித்துவிட்டு, “சார், இதை அனுப்பலாம். ஆனா நீங்க குறிச்சிருக்கிற ஆறாம் பக்கத்திலேருந்து ஆரம்பிச்சா முடியாது. ரெண்டாம் பக்கத்திலேருந்தே வேணும்” என்றார். காரணம் கேட்டேன். இரண்டாம் பக்கத்தில் பெரியவர் தந்தையை ‘வாடா’ என்கிறார். நான்காம் பக்கத்தில் மீண்டும் ஒருமுறை. ஐந்தாம் பக்கத்தில் தாசில்தாருக்கு ‘வாங்க’. இந்த மூன்று இடங்களிலும் தமிழ்ச் சொல்லை அப்படியே ஆங்கில எழுத்துகளில் விட்டுவிடுவது அவருடைய திட்டம். விளக்கக் குறிப்பு கிடையாது. யாருக்கு எந்தச் சொல், யார் எழுந்து நிற்கிறார், யார் படிக்குக் கீழே நிற்கிறார் என்பதைச் சூழலே சொல்லிக் கொடுத்துவிடும். எட்டாம் பக்கத்தில் ‘வந்தாச்சா’ வரும்போது, தமிழறியாத வாசகரும் அது முன்னிரண்டும் அல்லாத மூன்றாவது என்று காதாலேயே கண்டுகொள்வார். “பத்துப் பக்கத்துக்குள்ள அவங்களுக்கு இவ்வளவு தமிழ் கத்துக்கொடுத்தா போதும், சார்” என்று சிரித்தார்.

மாதிரி என்பதைப் பற்றி எனக்குக் கிடைத்த முதற்பாடம் இது. மாதிரி என்பது ஒரு கதையின் உச்சமன்று. தன்னை எப்படி வாசிக்க வேண்டும் என்பதைத் தானே கற்றுக்கொடுத்து, பின் தன் உச்சத்துக்கு வந்துசேரும் ஒரு துண்டு. உச்சத்தை மட்டும் வெட்டி அனுப்பினால், பானையிலிருந்து எடுத்த பருக்கையாக அது இராது. அலங்காரத்துக்கு மேலே தூவிய முந்திரியாகவே இருக்கும்.

இதே காலத்தில் என் முன்னாள் மாணவன் ஒருவன் வேறொரு நல்கைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தான். செய்யாறுப் பக்கத்துக் கூத்துக் குடும்பம். இளங்கலைத் தமிழ் படிக்கும்போதே வெள்ளிக்கிழமை இரவுகளில் ஆடப் போய்விடுவான். அவனுக்கு இப்போது 27 வயது. குழுவின் முன் நேரில் ஆடிக்காட்டிப் பெறும் இளங்கலைஞர் உதவித்தொகைக்கு வயது கடந்துவிட்டது. அவன் விண்ணப்பித்த இடத்தில் பத்து நிமிடக் காணொளி கேட்டிருந்தார்கள். “ஐயா, ராத்திரி பத்து மணிக்குக் களரி கட்டி விடியவிடிய ஆடறோம். அதப் பத்து நிமிஷத்துல எப்பிடிங்கய்யா காட்றது?” என்று கேட்டான்.

அவன் உறவினர் செல்பேசியில் எடுத்திருந்த பதிவுகளை வெட்டி ஒட்டி ஒரு காணொளியும் தயாராக வைத்திருந்தான். கிரீடமும் புஜகீர்த்தியும் மின்ன வேடங்கள் சுழல்கின்றன. அடுத்த நொடியில் வேறொரு வேடம். அதற்கடுத்த நொடியில் போர். மத்தளமும் ஆர்மோனியமும் முகவீணையும் துண்டுதுண்டாக ஒலிக்கின்றன. கண்ணைப் பறித்தது. ஆனால் அதில் கூத்து இல்லை. திருவிழாவுக்கு அழைக்கும் விளம்பரம் இருந்தது. கூத்தின் உயிர் அதன் கால அளவில் இருக்கிறது. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று வேடக்காரர் பாடிக்கொண்டே இருப்பார். கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். பார்ப்பவர் பொறுமை இழக்கும் தறுவாயைத் தாண்டி, அந்தப் பொறுமையின்மையே எதிர்பார்ப்பாக மாறிய பிறகுதான் திரை விலகும். அதை நாற்பது நொடியாக வெட்டினால் திரைதான் மிஞ்சும்.

நான் அவனிடம் எதையும் தேர்ந்துகொடுக்கவில்லை. வெட்டாத பதிவுகளை முழுதாகப் போடச் சொல்லி இருவரும் இரண்டு மாலைகள் உட்கார்ந்து பார்த்தோம். கர்ண மோட்சத்தில், போருக்குப் புறப்படும் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும் இடம் வந்தது. பொன்னுருவி அவன்தான். நேரம் பின்னிரவு மூன்று இருக்கும். பாதிப்பேர் பாயில் உறங்குகிறார்கள். எங்கோ ஒரு குழந்தை அழுகிறது. கட்டியங்காரன் ஏதோ சொல்ல, சிரிப்பு முன்வரிசையோடு நின்றுவிடுகிறது. பிறகு பொன்னுருவி பாடத் தொடங்குகிறாள். குரல் ஏற்கெனவே ஐந்து மணி நேரம் உழைத்த குரல். சற்றே உடைந்திருக்கிறது. அந்த உடைவை அவன் மறைக்கவில்லை, பாட்டுக்குள் இழுத்துக்கொள்கிறான். ஒளிப்பதிவின் ஓரத்தில், படுத்திருந்த ஒரு கிழவி எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்கிறாள். “இதுதாங்கய்யா” என்றான். வெட்டு ஒன்றுகூட இல்லாத ஒன்பதரை நிமிடம். வெளிச்சம் போதாது, ஒலியும் சுமார்தான். ஆனால் அவன் செய்வது என்ன என்பதை அறிய விரும்பும் ஒருவருக்கு வேறெதுவும் தேவையில்லை. உறங்குகிறவர்களை எழுப்பும் கலை அது.

பரிசிலுக்குச் செல்வதில் கூத்தரும் புலவரும் பழைய பங்காளிகள். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றில் மலைபடுகடாத்திற்குக் கூத்தராற்றுப்படை என்றே இன்னொரு பெயர் உண்டு. அந்தக் கூத்தர்கள் தம் இசைக்கருவிகளைச் சுமந்துகொண்டு மலைவழியே நடந்தார்கள். என் மாணவன் ஒன்பதரை நிமிடக் கோப்பை இணைய மையத்திலிருந்து ஏற்றிக்கொண்டிருந்தான். மூன்று முறை பாதியில் நின்று, நான்காம் முறை ஏறியது.

மறுபக்கத்தில் இருப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாணவர் சிறுகதைப் போட்டி ஒன்றிற்கு நடுவராக இருந்து, ஒரு வாரத்தில் 140 கதைகளைப் படித்திருக்கிறேன். நாற்பதாவது கதைக்கு வரும்போது மனிதன் வேறு ஆளாகிவிடுகிறான். அவனை மயக்குவது கடினம், சலிப்பூட்டுவது எளிது. என்றாலும் அவன் கொடியவன் அல்லன். உள்ளூர அவன் ஏங்கிக்கொண்டிருப்பான், தன்னை நிறுத்தி வைக்கும் ஒரு பக்கம் கிடைக்காதா என்று. என்னை நிறுத்தியவை சொல்லழகு மிக்க தொடக்கங்கள் அல்ல. எழுதியவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று, எனக்குத் தெரியாத ஒன்று, துல்லியமாகச் சொல்லப்பட்டிருந்த இடங்கள்தாம். தறியில் இழை அறுந்தால் எந்த விரல் முதலில் நகரும் என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். அந்தக் கதையின் முடிவு பலவீனமானது. ஆயினும் இன்றுவரை மறக்கவில்லை.

எனவே விண்ணப்பிக்க எண்ணும் நண்பர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தவை சில உண்டு. தொடர்ச்சியான ஒரே துண்டை அனுப்புங்கள். பல கதைகளிலிருந்து பல பத்திகளைத் தொகுத்து அனுப்புவது, பல பானைகளிலிருந்து பருக்கை பொறுக்குவதாகும். இப்போது எழுதும் கையின் எழுத்தாக அது இருக்கட்டும். எழுதப்போவதாகச் சொல்லும் நூலோடு அதற்கு இரத்த உறவு இருக்கட்டும். திட்டக் குறிப்பில் நீர்க்கட்டியைப் பற்றி எழுதிவிட்டு மாதிரியில் நகரத்துக் காதல் கதையை வைத்தால், படிப்பவர் இரண்டில் எதை நம்புவார்? மாதிரியை விளக்கும் வேலையைத் திட்டக் குறிப்புக்குக் கொடுக்காதீர்கள். விளக்கம் தேவைப்படும் மாதிரி, மாதிரியாகத் தகுதி பெறவில்லை.

திட்டக் குறிப்பைப் பற்றி இன்னொன்று. நாம் எழுதப்போவது என்ன என்று நமக்கே முழுதாகத் தெரியாது. 1973இல் அயோவா பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்திற்குச் சென்று சில மாதங்கள் தங்கியிருந்த அசோகமித்திரன், அந்த அனுபவத்திலிருந்து பின்னாளில் ‘ஒற்றன்!’ எழுதினார். எழுத வந்த இடமே, உடன் தங்கியிருந்த பிறநாட்டு எழுத்தாளர்களே, எழுத்தின் பொருளாகிவிட்டார்கள். எந்தத் திட்டக் குறிப்பிலும் இதை முன்னதாக எழுதிக் கையொப்பமிட முடியாது. ஆகவே திட்டம் ஒரு வாக்குறுதி மட்டுமே. மாதிரிதான் அதற்கு ஈடாக வைக்கும் பொருள்.

எனக்கு வந்த பதில் இரண்டு வரி. இம்முறை தேர்ந்தெடுக்க இயலவில்லை, விண்ணப்பித்தமைக்கு நன்றி. காரணம் எதுவும் இல்லை. அது வந்த நாள் மாலை சற்று நேரம் மொட்டை மாடியில் நின்றேன். வருத்தம் இருந்தது, மறைப்பதற்கில்லை. மூன்று மாதத் தனிமையும் தவணைக்கான பணமும் கண்முன்னே வந்து போயின. ஆனால் பெருஞ்சித்திரனாரின் சினம் எனக்கு வரவில்லை. யாரோ ஒருவர் அந்தப் பத்துப் பக்கங்களைப் படித்திருக்கிறார். அவருடைய காதில் ‘வாடா’வும் ‘வாங்க’வும் விழுந்திருக்கும். ‘வந்தாச்சா’ விழுந்ததா என்பது எனக்குத் தெரிய வழியில்லை. எனினும் அந்த மனிதரின் முன் நான் வைத்தது என்னுடைய பருக்கைதான். வேறொருவனுடையதாக ஒப்பனை செய்ததன்று.

மாணவனை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். முடிவு இனிமேல்தான். நான் இந்தக் கோடையில் நாவலின் ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறேன். மொழிபெயர்ப்புக்காக அந்தக் கதையை வரிவரியாகத் திரும்பப் படித்ததில் ஒரு பயன் விளைந்தது. அதன் குரல் இம்முறை எளிதில் காதுக்குத் திரும்பிவிட்டது. வழக்கமான பதினைந்து நாட்கள் இம்முறை மூன்று நாட்களாயின.

ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது. பெறாதவனே இன்னொரு பெறாதவனுக்கு வழி சொல்லும் துறைக்கு நம் இலக்கணிகள் பெயரிட்டதாகத் தெரியவில்லை. பெயர் எதுவாயினும் ஆகட்டும். வழியில் மேடு எங்கே பள்ளம் எங்கே என்று பார்த்து வந்தவன் சொல்வதிலும் கொஞ்சம் பயன் இருக்கக்கூடும். போய் வாருங்கள்.